கட்டடத்துக்குக் கலைப்படைப்பு: கலைஞரைத் தேடுமுன் சுவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

கேள்வி இதுதான்: ஆறு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்று எழும்பிக்கொண்டிருக்கிறது. நுழைவுக் கூடத்தில் தொங்கும்படி ஒரு சிற்பம், முன்முற்றத்தில் நிற்கும்படி இன்னொன்று, வெளிச்சுவர் ஒன்றில் பெரிய ஓவியம் என்று திட்டம். கலைஞரை எப்படித் தேர்ந்தெடுப்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது, ஒப்பந்தத்தில் என்ன எழுதுவது?

கலைஞரைத் தேடுவது இரண்டாவது வேலை. முதலில் மூன்று இடங்களுக்கும் தலா இரண்டு பக்கம் இடக்குறிப்பு எழுதுங்கள். அளவு, வெயில் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை விழுகிறது, மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது, மக்கள் எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள், தளம் எவ்வளவு எடை தாங்கும், மின்சாரம் எங்கே வருகிறது, மிக அருகிலுள்ள வாசலின் அகலமும் உயரமும் என்ன. கடைசி வரியில், இதை யார் துடைப்பார்கள், எதை வைத்து என்று எழுதுங்கள். அந்த வரிக்குப் பதில் கிடைக்காத இடத்தில் படைப்பு வைக்காமலிருப்பதே மேல். பொது இடக் கலை பெரும்பாலும் ரசனைக் குறைவால் கெடுவதில்லை. ஓதம் ஏறிய சுவர், எட்டாத விளக்கு, ஆசிட் ஊற்றிக் கழுவும் கை, இவற்றால்தான் கெடுகிறது.

எப்போது தொடங்குவது? கட்டமைப்பு வரைபடங்கள் முடிவாகும் முன். தொங்கும் சிற்பத்துக்கான எஃகுத் தகடுகளை மேல்தளக் கான்கிரீட் ஊற்றும்போதே பதித்துவிட்டால் செலவு சொற்பம். தளம் இறுகிய பிறகு துளைபோட்டு கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை நிரப்பி ஊன்றும் போல்ட்) வைப்பதென்றால், கம்பி எங்கே ஓடுகிறது, குழாய் எங்கே போகிறது என்று ஸ்கேன் செய்தாக வேண்டும். தலைக்கு மேல் எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும் சுமையைப் பசை மட்டும் தாங்குவது தனி ஆபத்து. 2006இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சுரங்கச் சாலையின் கூரைப் பலகைகள் விழுந்து காரில் போன ஒருவர் இறந்தார். எபாக்சிப் பசையில் ஊன்றிய ஆங்கர்கள் நிரந்தரச் சுமையில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவி வெளியே வந்ததுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. ஆகவே நுழைவுக் கூடத்துச் சிற்பத்துக்குப் பதித்த தகடு அல்லது தளத்தின் குறுக்கே ஊடுருவி மேலே நட் போட்ட போல்ட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு தொங்குபுள்ளிக்கும் இரண்டாவதாக ஒரு காப்புக் கேபிளும் வேண்டும். முதல் கேபிள் அறுந்தால் அது மொத்தச் சுமையையும் தனியாகத் தாங்கும்படி கணக்கிட்டிருக்க வேண்டும்.

சிற்பம் உள்ளே எப்படி நுழையும் என்பதையும் அப்போதே பாருங்கள். முன்பக்கக் கண்ணாடியின் இரண்டு பலகைகளைக் கடைசிவரை மாட்டாமல் விடச் சொன்னால் போதும், பின்னால் சிற்பத்தை மூன்றாக அறுத்து உள்ளே பற்றவைக்கும் வேலை இருக்காது. அதைத் தூக்கி மாட்டவும், பிறகு தூசி தட்டவும் சிசர் லிஃப்ட் (ஆளை மேலே தூக்கும் சக்கர மேடை) வர வேண்டும். லிஃப்டின் எடை டன் கணக்கில் இருக்கும், அத்தனையும் நான்கு சிறு சக்கரங்களில் இறங்கும். பளிங்குத் தரைக்கு அடியில் கார் நிறுத்தும் தளம் இருந்தால் பொறியாளரிடம் கேட்காமல் அதை உருட்டாதீர்கள்.

இன்னொன்று. வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் சுவர் கட்டி முடிந்ததும் வெறுமையாக இருப்பதில்லை. தீயணைப்புக் குழாய்ப் பெட்டி, ஸ்விட்ச் போர்டு, அவசர வழிப் பலகை, ஏசி கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் அங்கேதான் வந்து ஒட்டிக்கொள்ளும். மின் வரைபடம், ஏசி வரைபடம், தீயணைப்பு வரைபடம் மூன்றிலும் அந்தப் பரப்பைக் கோடிட்டு 'கலைக்கு ஒதுக்கியது, எதையும் பொருத்தக் கூடாது' என்று எழுதவையுங்கள். ஒன்றில் மட்டும் எழுதினால் மற்ற இரண்டு குழுக்களும் அங்கே வந்து துளையிடும்.

பணத்துக்கு வருவோம். கட்டுமானச் செலவில் ஒரு பங்கைக் கலைக்கு ஒதுக்கும் வழக்கம் பல நாடுகளில் சட்டமாகவே உண்டு; பிரான்ஸ் 1951இல் பள்ளிக் கட்டடங்களுக்கு ஒரு சதவீதம் என்று தொடங்கியது, அமெரிக்க நகரங்களில் ஃபிலடெல்ஃபியா 1959இல் முதலில் கொண்டுவந்தது. உங்களுக்குச் சட்டக் கட்டாயம் இருக்கிறதோ இல்லையோ, தொகையைவிட அதைப் பிரிக்கும் விதம்தான் முக்கியம். நிற்கும் சிற்பம் ஒன்றுக்கு மொத்தம் நூறு பங்கு என்றால், கலைஞரின் வடிவமைப்பு ஊதியம் 15 முதல் 20, பொருளும் பட்டறை வேலையும் 45 சுமார், அடித்தளமும் விளக்கும் 10, வண்டி, கிரேன், பொருத்துதல் 10, பொறியாளர் சரிபார்ப்பு, காப்பீடு, அனுமதிகள் 5 முதல் 8, மீதி கைவைக்காத இருப்பு. இருப்பு 10க்குக் கீழே போகக் கூடாது. புதிய முறையில் செய்யும் படைப்பென்றால் அதுவும் போதாது. சிகாகோவில் அனிஷ் கபூர் செய்த ‘கிளவுட் கேட்’, 168 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுகளைப் பற்றவைத்து இணைப்பே தெரியாமல் மெருகிட்ட சுமார் 100 டன் சிற்பம். முதல் மதிப்பீடு 60 லட்சம் டாலர், முடிந்தபோது 2 கோடியே 30 லட்சம். 2004இல் பூங்கா திறந்தபோது வேலை முடியவில்லை. மெருகிட்டு முடித்தது 2006இல். பராமரிப்பு நிதி இந்த நூறில் அடங்காது, அதைத் தனிக் கணக்கில் வையுங்கள். கட்டடத்தின் பொதுப் பராமரிப்பில் சேர்த்தால் முதல் பற்றாக்குறையில் காணாமல் போவது அதுதான்.

கலைஞரைத் தேர்ந்தெடுக்க மூன்று வழிகள் உண்டு: பொது அழைப்பு, மூன்று முதல் ஐந்து பேரை மட்டும் அழைப்பது, நேராக ஒருவரிடம் கேட்பது. பொது அழைப்பின் பலத்துக்கு வாஷிங்டனிலுள்ள வியட்நாம் போர் நினைவிடத்தைவிடப் பெரிய சான்று கிடையாது. 1981 போட்டிக்கு வந்தவை 1,421. பெயர் மறைத்து நடுவர்கள் பார்த்ததால்தான் 21 வயது மாணவியான மாயா லின் வென்றார். ஆனால் அது ஒரு நாட்டின் நினைவிடம். அலுவலக முற்றத்துக்கு நூறு கலைஞர்களைச் சம்பளமில்லாமல் வரையவைப்பது அநியாயம்; வந்ததைப் பார்க்கவும் உங்களுக்கு நேரம் இராது. பொது அழைப்பில் பழைய வேலைகளின் படங்களை மட்டும் கேளுங்கள். அதிலிருந்து நாலு பேரை எடுத்து, ஊதியம் கொடுத்து, இடத்தைக் காட்டி, முன்மொழிவு வாங்குங்கள். ஊதியம் கொடுக்காத இடத்தில் வேறெங்கோ நிராகரிக்கப்பட்ட படம் அளவு மாற்றப்பட்டு உங்கள் மேசைக்கு வரும்.

தேர்வுக் குழுவில் ஐந்து அல்லது ஏழு பேர் போதும். அவர்களில் இரண்டு பேராவது கலையைத் தொழிலாகக் கொண்டவர்கள், ஒருவர் அந்த இடத்தை நாள்தோறும் பயன்படுத்துகிறவர். பொறியாளரும் பராமரிப்பு மேற்பார்வையாளரும் வாக்கில்லாமல் உட்காரட்டும், ஆனால் முதல் கூட்டத்திலிருந்தே உட்காரட்டும். மதிப்பெண் போட்டுக் கூட்டிச் சராசரி எடுக்கும் முறை எனக்கு உடன்பாடில்லை. யாருக்கும் பிடிக்காததும் போய்விடும், யாருக்கேனும் மிகவும் பிடித்ததும் போய்விடும், எல்லோருக்கும் ஆறு மதிப்பெண்ணாகத் தோன்றியது மிஞ்சும். பேசி முடிவெடுத்து, ஏன் என்று அரைப் பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள். நாளைக்கு எதிர்ப்பு வந்தால் கையில் இருப்பது அந்த அரைப் பக்கம்தான்.

கணினிப் படங்களை நம்பாதீர்கள். அவற்றில் சூரியன் எப்போதும் சிற்பத்துக்குப் பிடித்த இடத்தில் இருக்கும், ஆட்கள் மெலிந்து நிற்பார்கள். மூன்று கேளுங்கள்: நடப்பவரின் கண் உயரத்திலிருந்து படம், உண்மையான பொருளில் 30 செ.மீ. சதுர மாதிரி, இடத்திலேயே மூங்கிலும் அட்டையும் கட்டி முழு அளவு உருவம். கடைசியானது அரை நாள் வேலை. நாலு மீட்டர் உயரம் என்று காகிதத்தில் பெரிதாகத் தெரிந்தது ஆறு மாடியின் முன் சுண்டைக்காயாக நிற்பதை அன்றே பார்த்துவிடலாம்.

அட்டை உருவத்தை ஒரு வாரம் விட்டுவைத்தால் மக்கள் எப்படிச் சுற்றிப் போகிறார்கள் என்பதும் தெரியும். இது சிறு விஷயமில்லை. சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்ட்டட் ஆர்க்’ 1981இல் நியூயார்க்கில் ஃபெடரல் பிளாசா என்ற அரசு அலுவலக முற்றத்தில் நிறுவப்பட்டது: 36 மீட்டருக்கு மேல் நீளம், 3.6 மீட்டர் உயரம், துருநிற எஃகுச் சுவர். முற்றத்தை அது குறுக்கே பிளந்தது. அங்கே வேலை செய்தவர்கள் நாள்தோறும் சுற்றி நடந்தார்கள். 1985இல் பொது விசாரணை நடந்தபோது வைத்திருக்கச் சொல்லிப் பேசியவர்கள் 122 பேர், எடுக்கச் சொன்னவர்கள் 58 பேர். இருந்தும் 1989இல் அதை அறுத்து எடுத்துப் போனார்கள். நடப்பவரின் வழியைக் குறுக்கிடுவதே அந்தப் படைப்பின் கருத்து, அதில் செர்ரா ஒளித்தது ஏதுமில்லை. அங்கே வேலை செய்பவர்களிடம்தான் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இனிச் சுவர் ஓவியம். புதுப் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருக்க வேண்டும். ஈரச் சிமென்ட்டின் காரத்தன்மை பி.எச். 12க்கு மேல் இருக்கும், அது சில நிறமிகளைத் தின்றுவிடும். காத்திருந்தாலும் சுவர் காய்ந்திருக்கிறதா என்று சோதியுங்கள்: 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரமாவது விட்டு எடுங்கள். உள்பக்கம் நீர்த்துளி கோத்திருந்தாலோ சுவர் அந்த இடத்தில் மட்டும் கறுத்திருந்தாலோ, தண்ணீர் பின்னாலிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் எந்தப் பெயிண்ட் அடித்தாலும் உப்புப் பூத்து உரியும். பெரும்பாலும் காரணம் மேலே கைப்பிடிச் சுவரின் தலையில் மூடி இல்லாதது, அல்லது கீழே மண் சுவரைத் தொடுவது. மூடிக்கு அடிப்பக்கம் நீர்சொட்டு வரி (மழைநீர் சுவரில் வழியாமல் சொட்டவைக்கும் பள்ளக் கோடு) வெட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இரண்டாம் மழைக்காலத்துக்குள் ஓவியத்தின் நெற்றியில் கறுப்பு ஒழுக்குகள் இறங்கும்.

வண்ணத்தில் கடைக்காரர் சொல்லும் பெயரைப் பார்க்காமல் டப்பாவில் உள்ள நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பி.ஆர். 101 என்பது இரும்பு ஆக்சைடு சிவப்பு, பி.ஒய். 42 இரும்பு ஆக்சைடு மஞ்சள். இரண்டும் வெயிலுக்கு அசையாதவை. பளீரென்ற சிவப்பும் இளஞ்சிவப்பும் ஊதாவும்தான் முதலில் போகும். வெள்ளை கலந்து வெளிறவைத்த நிறம் தனி நிறத்தைவிட வேகமாக மங்கும், எனவே மேற்குப் பார்த்த சுவரில் வெளிறிய ரோஜா நிற முகங்களை வரையச் சொல்லாதீர்கள். வெளியே ஒளிரும் ஃப்ளோரசென்ட் வண்ணம் வேண்டவே வேண்டாம். கிறுக்கலைத் தடுக்கும் மேல்பூச்சு இரண்டு வகை: கிறுக்கலோடு சேர்த்துக் கழுவி எடுத்து மறுபடி பூசுவது, கழுவினாலும் நிலைத்து நிற்பது. நிலைப்பது சிக்கனம்போலத் தெரியும். ஆனால் சுவர் மூச்சுவிட வழியில்லாமல் ஈரத்தை உள்ளே பிடித்துவைப்பவை அதில் உண்டு. பின்பக்கம் ஈரம் வரக்கூடிய சுவருக்கு முதல் வகைதான் சரி, அதுவும் கை எட்டும் மூன்று மீட்டர் உயரம் வரைக்கும் போதும்.

சிற்பத்தின் உலோகம் பற்றி நிறையப் பேசலாம், அடிக்கடி தவறுவதை மட்டும் சொல்கிறேன். கடற்காற்று வரும் இடத்தில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பழுப்புப் புள்ளி விடும். மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். சரியான ரகம் வாங்கியும் துருப்பிடித்தால் குற்றம் பட்டறையில் இருக்கும்: சாதாரண இரும்பை அறுத்த அதே டிஸ்க்கையும் கம்பி பிரஷ்ஷையும் வைத்துத் தேய்த்தால் இரும்புத் துகள் ஏறிக்கொண்டு அதுதான் துருவாகும். இல்லையென்றால் குற்றம் கட்டட வேலையில் இருக்கும். டைல்ஸில் ஒட்டிய சிமென்ட்டை எடுக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றுவார்கள், அதன் ஆவி பட்டாலே மெருகிட்ட பரப்பு கெட்டுவிடும். ஆசிட் வேலை முடிந்து, கழுவி, காய்ந்த பிறகுதான் சிற்பத்தின் உறையைக் கழற்ற வேண்டும்.

கார்ட்டன் எனப்படும் துருநிற எஃகுக்கு நனைந்து காய்ந்து நனைந்து காய வேண்டும். அப்போதுதான் துரு இறுகித் தோலாகும். தண்ணீர் தேங்கும் குழியும் கடலுப்பும் அதற்கு எதிரி. முதல் சில ஆண்டுகள் ஆரஞ்சு நீர் வடியும். கீழே வெள்ளைக் கல் பதித்திருந்தால் அந்தக் கறை போகாது, சுற்றிலும் கூழாங்கல் போட்டு அடியில் வடிகால் வையுங்கள். வெவ்வேறு உலோகங்கள் தொடும் இடத்தில் நைலான் வாஷரும் குழலும் வேண்டும், இல்லையென்றால் அலுமினியம் தின்னப்படும். ஆறு மீட்டர் அலுமினியப் பலகை 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஐந்தரை மி.மீ. நீளும். போல்ட் துளை வட்டமாக இருந்தால் பலகை வளையும், நீள்துளையாக இருந்தால் சறுக்கித் தப்பும்.

அடித்தகட்டை ஒரு நிமிடம் குனிந்து பாருங்கள். தகடு தரையோடு தரையாகப் பதிந்து, சுற்றிலும் கல் பதித்து, நடுவில் போல்ட் தலை பள்ளத்தில் இருந்தால், அந்தப் பள்ளத்தில் ஆண்டு முழுக்க ஈரமும் இலையும் நாய் மூத்திரமும் நிற்கும். சிற்பம் பளபளவென்று இருக்கும்போதே அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் போல்ட் கரைந்துகொண்டிருக்கும். தகடு தரையிலிருந்து சிறிது உயர்ந்து, கீழே சுருங்காத கிரவுட் (இடைவெளி நிரப்பும் சிமென்ட் கலவை) நிரம்பி, மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிந்து, போல்ட்டைப் பார்க்கவும் முறுக்கவும் வழி இருக்க வேண்டும்.

காற்று விசையைக் கலைஞரின் அனுபவத்துக்கு விடாதீர்கள். மணிக்கு 144 கி.மீ. காற்று சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிலோ அழுத்தம் தரும். மூன்றுக்கு நாலு மீட்டர் பலகை என்றால் சுமார் 1.2 டன் சாய்த்துத் தள்ளுகிறது என்று அர்த்தம், வடிவத்தைப் பொறுத்து அது இன்னும் கூடும். மெல்லிய நீண்ட உறுப்புகளில் காற்றால் வரும் அதிர்வு தனிப் பிரச்சினை. மான்செஸ்டரில் 56 மீட்டர் உயரமும் 180 முட்களுமாக 2005இல் திறந்த ‘பி ஆஃப் தி பேங்’ சிற்பத்தின் முள் முனை ஒன்று திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்பே விழுந்தது. 2009இல் மொத்தத்தையும் பிரித்தெடுத்தார்கள். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 1998இல் நின்ற ‘ஏஞ்சல் ஆஃப் தி நார்த்’ 54 மீட்டர் சிறகு விரித்து இன்றும் நிற்கிறது. தூண்களை மண்ணுக்குள் 20 மீட்டர் இறக்கியிருக்கிறார்கள்.

பாதுகாப்பில் சில அளவுகள் மனப்பாடமாக இருக்கட்டும். 89 முதல் 230 மி.மீ. வரையுள்ள இடைவெளியில் குழந்தையின் தலை மாட்டும். கைத்தடியோடு நடக்கும் பார்வையற்றவருக்குத் தரையிலிருந்து 68 செ.மீ.க்கும் 2 மீட்டருக்கும் நடுவே 10 செ.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் எதுவும் ஆபத்து. தடி கீழே போகும், முகம் மேலே இடிக்கும். அப்படி நீட்டினால் அதற்கு நேர்கீழே தடி தட்டும்படி ஒரு விளிம்பு வையுங்கள். உட்குழிந்த, மெருகிட்ட பரப்பு வெயிலைக் குவிக்கும். 2013இல் லண்டனின் 20 ஃபென்சர்ச் ஸ்ட்ரீட் கட்டடத்தின் வளைந்த கண்ணாடி முகப்பு தெருவில் நின்ற காரின் பாகங்களையே உருக்கியது. ஏறக்கூடிய எதன்மேலும் ஏறுவார்கள். பலகையில் எழுதிவைத்துப் பயனில்லை, விழுந்தால் என்ன ஆகும் என்று வடிவமைப்பிலேயே பார்க்க வேண்டும்.

ஒளிப் படைப்பு என்றால் எல்.இ.டி. விளக்குக்கு முன்னால் அதற்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற சாதனம்தான் சாகும். டிரைவரைச் சிற்பத்துக்குள் வைக்காமல் ஏணியில்லாமல் எட்டும் பெட்டியில் வையுங்கள். வாங்கும்போதே அதே தொகுப்பிலிருந்து பத்தில் ஒரு பங்கு உதிரியாக வாங்கிவையுங்கள், மூன்று வருடம் கழித்து அதே நிறம் கிடைக்காது. ஒலிப் படைப்பு என்றால் வரவேற்பு மேசைக்காரரிடம் முதலில் கேளுங்கள். வருகிறவருக்கு அது அரை நிமிட அழகு, அவருக்கு எட்டு மணி நேரம்.

ஒப்பந்தத்தில் பணத்தைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: கையெழுத்தில் ஒரு பங்கு, பொறியாளர் ஒப்பிய இறுதி வடிவத்துக்கு ஒன்று, பொருள் வாங்கப் பெரிய பங்கு, பட்டறையில் பாதி வேலையைப் பார்த்தபின் ஒன்று, பொருத்தியபின் ஒன்று, கடைசிப் பத்து சதவீதம் பராமரிப்புக் கோப்பு கைக்கு வந்தபின். பொருள் வாங்கும் கட்டத்தில் கஞ்சத்தனம் செய்தால் கலைஞர் கடன் வாங்குவார் அல்லது மெல்லிய தகடு வாங்குவார். உரிமை எந்த நாளில் கைமாறுகிறது, அதுவரை சேதம் யார் பொறுப்பு, கட்டடம் தாமதமானால் சேமிப்புக் கிடங்குச் செலவு யாருடையது என்பதை எழுதாமல் விடாதீர்கள். கட்டடம் எப்படியும் தாமதமாகும்.

படைப்பை விலைக்கு வாங்கினாலும் பதிப்புரிமை பொதுவாகக் கலைஞரிடமே இருக்கும். கையேட்டிலும் விளம்பரத்திலும் படம் போட அனுமதி வேண்டுமென்றால் அதையும் எழுதி வாங்குங்கள். அதைவிடப் பெரியது தார்மிக உரிமை: படைப்பைச் சிதைத்தால் உரிமையாளரையே கலைஞர் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். டெல்லி விஞ்ஞான் பவனுக்காக 1957இல் சிற்பி அமர்நாத் சேகலிடம் வெண்கலச் சுவர்ச் சிற்பம் செய்யும் பணி ஒப்படைக்கப்பட்டது. 1979இல் புதுப்பிப்பின்போது அதைப் பெயர்த்துக் கிடங்கில் போட்டார்கள். 2005இல் டெல்லி உயர் நீதிமன்றம் மிச்சத்தை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் தீர்ப்பளித்தது. நியூயார்க்கின் ஃபைவ் பாய்ன்ட்ஸ் கட்டடத்தின் சுவரோவியங்களை உரிமையாளர் 2013இல் இரவோடிரவாக வெள்ளையடித்தார். 45 ஓவியங்களுக்குத் தலா ஒன்றரை லட்சம் டாலர் வீதம், 67.5 லட்சம் டாலர் கட்டச் சொல்லி 2018இல் தீர்ப்பு வந்தது. ஆகவே அகற்றும் விதியைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள்: எந்தக் காரணங்களுக்கு அகற்றலாம், கலைஞருக்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு, முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கு உண்டா, இடம் மாற்றினால் அவர் தன் பெயரை விலக்கிக்கொள்ளலாமா. சுவரோவியத்துக்கு ஆயுள் குறிப்பிடுவது நேர்மை. பத்து ஆண்டு, அதன்பின் இரு தரப்பும் பார்த்து முடிவெடுப்பது என்று எழுதினால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

மூன்று படைப்புகளும் ஒன்றையொன்று தின்னாமல் பார்ப்பதுதான் க்யூரேட்டரின் (படைப்புகளைத் தேர்ந்து இடம் அமைப்பவரின்) வேலை. தெருவிலிருந்து ஒரே பார்வையில் மூன்றும் விழுந்தால் கண்காட்சிச் சந்தையாகிவிடும். சுவரோவியம் தூரத்திலிருந்து அழைக்கட்டும், முற்றத்துச் சிற்பம் நடக்கும்போது தட்டுப்படட்டும், தொங்கும் படைப்பு உள்ளே வந்து தலை நிமிர்ந்தால் மட்டும் தெரியட்டும். பணம் குறைவென்றால் மூன்றையும் சிறிதாக்காமல் ஒன்றை விட்டுவிடுங்கள். தொங்கும் படைப்பை விடுவதுதான் என் யோசனை, மூன்றில் பராமரிக்கக் கடினமானது அதுதான். ஆனால் தகடுகளை மட்டும் பதித்துவிடுங்கள், பின்னால் வேண்டியிருக்கும். பெயர்ப்பலகை படைப்பின்மேல் வேண்டாம், பக்கத்தில் கண் உயரத்தில், ஐம்பது அறுபது சொல்லுக்குள். கலைஞர் பெயர், ஆண்டு, பொருள், செய்த பட்டறை. பட்டறையின் பெயரை விடுபவர்களே அதிகம். பழுது பார்க்க முதலில் தேட வேண்டியது அந்தப் பெயரைத்தான்.

பராமரிப்புக் கோப்பில் இருக்க வேண்டியவை: கட்டியபடியான வரைபடம், உலோக ரகமும் வெல்டிங் கம்பி ரகமும், நிறமிக் குறியீடுகள், ஒவ்வொரு வண்ணத்திலும் மூடி இறுக்கிய அரை லிட்டர் டப்பா, பொருத்திய நாளின் புகைப்படங்கள், எதை வைத்துக் கழுவலாம், எதை வைத்துக் கழுவக் கூடாது. பெரும்பாலானவற்றுக்குக் காரமும் அமிலமும் இல்லாத சோப்புத் தண்ணீரும் மென்துணியும் போதும். பிரஷர் வாஷர் சுவரோவியத்தை உரித்துவிடும். வெண்கலத்துக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது மெழுகு. கழுவும் குறிப்பை ஒரே பக்கத்தில், துடைப்பவர் படிக்கும் மொழியில் அச்சிட்டு, அலுவலக அலமாரியில் வைக்காமல் வாளியும் துடைப்பமும் இருக்கும் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். முதல் ஆய்வு பொருத்தி ஆறு மாதத்தில், ஒரு மழைக்காலம் கழிந்ததும். டார்ச்சும் ஸ்பேனரும் கையில் இருக்கட்டும். அடித்தகட்டிலிருந்து தொடங்கி மேலே போங்கள்.